கோலாலம்பூரும் காடும்: மழை நேரம் பார்த்து மலேசியாவைச் சுற்றும் வழி

மலேசியாவுக்கு ஒரு வாரம் போகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயர்களை அடுக்கித்தான் திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் இரட்டைக் கோபுரம், அடுத்த நாள் பத்துமலை, அதற்கடுத்து கேமரன் மலை, பிறகு பினாங்கு, முடிந்தால் லங்காவி. போய் இறங்கியபின் பாதிப் பொழுது பேருந்திலும், மீதிப் பொழுது மழைக்கு ஒதுங்கிய கடைவாசலிலும் போய்விடுகிறது. அந்த நாட்டுக்குத் திட்டம் போடும்போது ஊரைவிட மணிக்கணக்கு முக்கியம். எந்த இடத்தில் காலையில் நிற்க வேண்டும், எங்கே பிற்பகலைக் கழிக்க வேண்டும், எதை இருட்டியபின் பார்க்க வேண்டும் என்பது சரியாக அமைந்தால், பார்க்கும் இடம் குறைந்தாலும் பார்த்தது நிறைவாக இருக்கும்.

ஏழு நாள் இருந்தால் எங்கள் பரிந்துரை இதுதான்: கோலாலம்பூரில் நான்கு இரவு, ஒரே ஒரு மலை அல்லது ஒரே ஒரு காட்டில் இரண்டு இரவு. கேமரன் மலை, தாமான் நெகாரா காடு இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் போக அரை நாள், வர அரை நாள் ஆகும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு முழு நாள் சாலையிலேயே தீர்ந்துவிடும்.

வானம் எப்போது திறக்கும், எப்போது மூடும்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று பாகையில் இருக்கிறது. கோடை, குளிர்காலம் என்ற பிரிவு அங்கே இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24 டிகிரி அளவில்தான் இருக்கும். மாறுவது மழை மட்டும்தான், அதற்கும் ஒரு நாள் ஒழுங்கு உண்டு. காலை வெயில் நிலத்தைச் சுட, ஈரக்காற்று மேலே எழும்பி, உச்சிப்பொழுதுக்கு மேல் மேகம் கோபுரமாகக் குவியும். பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள் இடியும் மின்னலுமாகக் கொட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்து, மாலை தெளிந்துவிடும். மார்ச், ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் இது கூடுதலாக நடக்கும். தினமும் தவறாமல் பெய்யும் என்பதில்லை. ஆனால் பெய்தால் அந்த நேரத்தில்தான் பெய்யும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

இதிலிருந்து ஒரு எளிய பிரிப்பு கிடைக்கிறது. நடை, படி, காடு எல்லாம் பன்னிரண்டு மணிக்கு முன். இரண்டிலிருந்து ஆறுவரை கூரைக்குக் கீழே: அருங்காட்சியகம், அங்காடி, அல்லது அறைக்குத் திரும்பி உறக்கம். ஏழு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சமும் ஆற்றங்கரையும்.

இதில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி, கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கிக்கொண்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உதிக்க ஏழு, ஏழேகால் ஆகும். மறையவும் ஏழேகால் ஆகும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் நடப்பீர்கள். ஏழரைக்குக் கிளம்பினால் சென்னையில் ஆறரைக்குக் கிளம்பிய குளிர்ச்சி கிடைக்கும். மாலை ஆறரைக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும் என்பதால், மழை விட்டபின் ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும்.

தீபகற்பத்தின் இரு கரைக்கும் பருவமழை வேறு வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடிக்கும். அந்த மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் அடைத்திருக்கும், படகும் ஓடாது. பொங்கல் விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தத் தீவுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இறங்குமுன், இறங்கியவுடன்

மலேசியாவின் இலக்கமுறை வருகை அட்டையைக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், கவனம். ஒரு மாதத்துக்கு முன்பே நிரப்பிவைக்க முடியாது. விமானத்துக்கு முந்தைய நாள் செய்தால் போதும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் நுழைய இடம் கொடுத்து, அதை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை, ஆகவே சீட்டு எடுக்குமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும்.

மின்செருகி மூன்று செவ்வக முனை கொண்டது. இந்தியாவின் உருண்டை முனை அதில் நுழையாது. மாற்றுச்செருகியை ஊரிலேயே வாங்கிப் பையில் போடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து, நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு நேரே போகும் விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் போய்விடும்; ஆளுக்கு 55 ரிங்கிட். தனியாள் என்றால், அதுவும் சாலை நெரியும் மாலையில், அது சரியான தேர்வு. மூன்று நான்கு பேர் குடும்பமாக வந்தால் கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் கார் மலிவாகவே முடியும். பேருந்து எல்லாவற்றிலும் குறைந்த செலவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நகரத்துக்குள் ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் டச் அண்ட் கோ என்ற அட்டை ஒன்று போதும். ஆளுக்கு ஓர் அட்டை தேவை. ஒரே அட்டையைத் தட்டி இருவர் உள்ளே போக முடியாது, ஏனென்றால் வெளியேறும்போதும் அதே அட்டையைத் தட்டித்தான் கட்டணம் கழிகிறது. விடுதியில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் முழுப்பணம் கட்டியிருந்தாலும் இதை வரவேற்பறையில் தனியாகக் கேட்பார்கள். அது முறையான வரிதான். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். "பத்து வெள்ளி" என்றால் பத்து ரிங்கிட்.

தங்க இடம் பார்க்கும்போது கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலான ரயில் தடங்கள் அங்கே கூடுகின்றன, வாழையிலைச் சாப்பாடும் இட்லியும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். புக்கிட் பிந்தாங் இரவு நடமாட்டத்துக்கு நல்லது, ஆனால் சத்தம் அதிகம்.

பத்துமலை: எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள்

கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலின் நடைமேடைக்கு இறங்கி, "பத்து கேவ்ஸ்" என்று முகப்பில் போட்ட ரயிலில் ஏறுங்கள். அதுவே கடைசி நிறுத்தம், சுமார் அரை மணி நேரப் பயணம். இந்த ரயில்கள் மெட்ரோவைப் போல ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது. ஒன்றை விட்டால் அரை மணியோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும், ஆகவே முதல் நாளே நேர அட்டவணையைப் பாருங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சில ரயில்களில் நடுப்பெட்டிகள் பெண்களுக்கு மட்டும், இளஞ்சிவப்புப் பலகை தெரியும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் பச்சை அனுமன் சிலையும் ராமாயணக் குகையும் வரும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு நேரே முருகன் சிலைக்கு நடங்கள். 42.7 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலிருந்து 272 படிகள் ஏறுகின்றன. 1890-களில் கே. தம்புசாமிப் பிள்ளை இங்கே வழிபாட்டைத் தொடங்கிவைத்த காலத்தில் படியே கிடையாது. 1920-ல் மரப்படி போட்டார்கள், பிறகுதான் இந்தக் கான்கிரீட் படி வந்தது. இன்று பார்க்கும் வண்ணம் 2018-ல் பூசியது.

படியின் அகலம் ஓர் ஆளின் முழுப் பாதத்துக்குக் கொஞ்சம் குறைவு, சரிவும் அதிகம். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கைப்பிடி ஓரமாக, பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து இறங்குங்கள். மழை நனைத்த வண்ணப்பூச்சு வழுக்கும். இதனால்தான் காலையில் போகச் சொல்வது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகளும் வெயிலும் சேர்ந்து வந்துவிடும்.

காலணி போட்டுக்கொண்டே படி ஏறலாம், சன்னிதி வாசலில் கழற்றினால் போதும். முழங்கால் தெரியும் உடையில் வரும் பெண்களுக்கு அடிவாரத்தில் துணி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வேட்டி, புடவை, முழுக்கால் சட்டை எதுவும் சரி.

குரங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நடக்கும் காயங்களில் பல அவற்றால் வருபவை. நீண்ட வால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பை உணவு என்று கற்றுவைத்திருக்கின்றன. உள்ளே அர்ச்சனைத் தேங்காய் இருந்தாலும், உங்கள் மருந்துச் சீட்டு இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பூ, பழம், தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் ஜிப் வைத்த துணிப்பைக்குள் போட்டு முன்பக்கம் மாட்டுங்கள். ஒரு குரங்கு எதையாவது பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறி செய்தால்தான் கடிக்கும். கண்ணோடு கண் பார்ப்பதையும் பல் தெரியச் சிரிப்பதையும் அது சவாலாக எடுத்துக்கொள்ளும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மேலே கோவில் குகையின் கூரை ஓரிடத்தில் திறந்து வானம் தெரியும். காலை வெளிச்சம் அந்தத் திறப்பின் வழியே சுண்ணாம்புப் பாறையில் படிந்து இறங்குவதைப் பார்க்கக் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். படியேறி, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் இறங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பதினொன்றுக்குள் அடிவாரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடலாம்.

தைப்பூச நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் திருவிழா அது. நேர்த்திக்கடனுக்கும் வழிபாட்டுக்கும் போகிறவர்கள் போகட்டும். இடத்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் நினைப்பவர்கள் வேறு நாள் வையுங்கள்.

பழைய நகரம், புதிய கோபுரம்

பாசார் செனி நிலையத்தில் இறங்கினால் பழைய கோலாலம்பூர் முழுவதும் நடக்கும் தூரம். 1873-ல் தோன்றிய மகா மாரியம்மன் கோவில், பெட்டாலிங் தெருவின் சீனக் கடைகள், அங்கிருந்து வடக்கே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909-ல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசல். நகரத்தின் பெயரே அந்தக் கூடல்தான்: கோலா என்றால் ஆறு கூடும் முகம், லும்பூர் என்றால் சேறு. ஆற்றைத் தாண்டினால் சுதந்திரச் சதுக்கமும், 1897-ல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும். பள்ளிவாசலுக்குள் போக அங்கியும் தலைமறைப்பும் வாசலிலேயே தருவார்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளரை விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் வெகுநேரம் மூடியிருக்கும். இந்தச் சுற்று மூன்று மணி நேரத்தில் முடியும். காலையில் வையுங்கள்.

மழைப் பிற்பகலுக்கு இரண்டு இடங்கள். இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் முதலாவது. உலகப் பள்ளிவாசல்களின் சிறு உருமாதிரிகளும் கையெழுத்துப் பிரதிகளும் உள்ள அமைதியான கட்டடம், குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். தேசிய அருங்காட்சியகம் மற்றது. கேஎல் சென்ட்ரலிலிருந்து அதன் பெயரிலேயே உள்ள எம்ஆர்டி மெட்ரோ நிலையத்துக்கு நடைபாதை இருக்கிறது, நனையாமல் போய்விடலாம்.

இரட்டைக் கோபுரத்துக்கு வருவோம். 452 மீட்டர், 88 மாடி. 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோபுரங்கள் காற்றில் அசையும்போது பாலம் முறியாமலிருக்க, அதைக் கோபுரங்களோடு இறுக்கிக் கட்டாமல் நழுவி நகரும்படி வைத்திருக்கிறார்கள். மேலே போகச் சீட்டை முன்பே இணையத்தில் எடுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். எங்கள் கருத்து: ஒரு கோபுரத்துக்கு மட்டும் பணம் செலவழிப்பதானால் கேஎல் கோபுரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் நகரத்தின் மிக அழகான காட்சியான இரட்டைக் கோபுரமே தெரியாது. புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்கும் 421 மீட்டர் கேஎல் கோபுரத்திலிருந்து அது முழுதாகத் தெரியும். ஆறே முக்காலுக்கு மேலே இருந்தால் பகல், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே சீட்டில் பார்க்கலாம். மின்னல் இருந்தால் திறந்த மேல்தளத்தை மூடிவிடுவார்கள். கண்ணாடிக்குள்ளான தளம் மட்டும் திறந்திருக்கும், எனவே வானம் பார்த்துச் சீட்டு எடுங்கள்.

இரட்டைக் கோபுரத்தைக் கீழிருந்து பார்க்கச் செலவே இல்லை. எல்ஆர்டி நகர ரயிலில் போய்க் கேஎல்சிசி நிலையத்தில் இறங்கி, அங்காடியின் பின்வாசல் வழியே பூங்காவுக்குப் போய், ஏரியின் மறுகரைவரை நடந்து திரும்பிப் பாருங்கள். வாசலிலேயே நின்று படம் எடுத்தால் கழுத்து வலிக்கும், உச்சி படத்துக்குள் வராது.

நகரத்தை விட்டு அரை நாள்

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. வெள்ளீயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களில் தொடங்கி மரம் நட்டு வளர்த்த காடு அது. நூறாண்டு தாங்கியதால் இன்று இயற்கைக் காடு போலவே நிற்கிறது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே கபூர் மரத் தோப்பில் அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் தழை அடுத்த மரத்தின் தழையைத் தொடாமல், நடுவில் வாய்க்கால் வாய்க்காலாக வானம் ஓடும். பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் முன்பு இந்த இன மரத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. பாதை எளிது, குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாம். மர உச்சி நடைபாலம் தனிச் சீட்டு, முன்பதிவு கேட்பார்கள். எந்தக் கிழமை திறந்திருக்கும் என்பதைக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவுக்கு மின்மினி. கோலா சிலாங்கூரில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். கோலாலம்பூரிலிருந்து 65, 70 கி.மீ.; ரயில் கிடையாது. போகக் கிராப் கிடைக்கும், இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வர அந்தக் கிராமத்தில் கார் கிடைப்பது உறுதியில்லை. ஆகவே போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே வண்டி பேசிக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கே கிளம்பினால் வழியில் மெலாவாத்திக் குன்றில் வெள்ளி மந்திகளைப் பார்க்கலாம். கரும் சாம்பல் நிறத் தாயின் மடியில் செம்மஞ்சள் நிறக் குட்டி இருக்கும்.

மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தான் படகுத்துறையில் துடுப்புப் படகு. சத்தமே இல்லை, ஒரு படகில் நான்கைந்து பேர்தான். வேறு படகுத்துறைகளில் மின்மோட்டார்ப் படகில் கூட்டமாக ஏற்றுவார்கள். துடுப்புப் படகையே சொல்வோம். இதில் தவறுவது மூன்று விஷயங்களில். முதலாவது நிலவு: பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஒளி மங்கித் தெரியும், அமாவாசைக்கு முன்னும் பின்னும் உள்ள வாரம் மிக நன்று. நாட்காட்டியைப் பார்த்து இந்த ஒரு நாளை முதலில் குறித்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமையுங்கள். இரண்டாவது மழை: கனத்துப் பெய்தால் பூச்சிகள் இலைக்கடியில் ஒதுங்கிவிடும், படகும் நிற்கும். மூன்றாவது கைபேசி. மின்மினி ஒளி சாதாரணக் கைபேசிப் படத்தில் விழாது. பளிச் விளக்கு அடித்தால் படத்தில் இலை மட்டுமே வரும், பக்கத்தில் இருப்பவரின் இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடும். கொசுவுக்கு முழுக்கை உடை போடுங்கள். கொசு மருந்தைப் படகில் தெளிக்க வேண்டாம், அது மின்மினிக்கும் பூச்சிமருந்துதான். எட்டு மணிக்கு முன்னால் படகேறினால் முழு இருட்டு இருக்காது.

கேமரன் மலையா, தாமான் நெகாராவா

குளிர், தேயிலை, வயதானவர்களோடு பயணம் என்றால் கேமரன். நடக்கத் தெம்பும் ஈரம், பூச்சி பொறுக்கும் மனமும் இருந்தால் தாமான் நெகாரா.

கேமரன் மலைக்குப் பேருந்து டிபிஎஸ் எனப்படும் தென்முனையத்திலிருந்து, தானா ராத்தாவரை நான்கரை மணி அளவில். விமான நிலையத்திலிருந்து வரும் டிரான்சிட் ரயில் அந்த முனையத்தின் வாசலிலேயே, பண்டார் தாசிக் செலாத்தானில் நிற்கும். விமானம் காலையில் இறங்குகிறதென்றால் நகரத்துக்குள் போகாமலே மலையேறிவிடலாம். அரை நாள் மிச்சம். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை வளைவு வளைவாகப் போகும். வாந்தி வருபவர்கள் முன்வரிசை இருக்கையும், கிளம்ப அரை மணிக்கு முன் மாத்திரையும்.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். இரவில் 15, 16 டிகிரிவரை இறங்கும். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறுவரையும் பள்ளி விடுமுறையிலும் அந்த ஒற்றைச் சாலை நெரிந்து நிற்கும், பத்து கி.மீ. போக ஒரு மணிக்கு மேல் ஆகும். திங்களிலிருந்து வியாழனுக்குள் போய் வாருங்கள். ஆனால் திங்களன்று சுங்கை பாலாஸ் தேயிலை மையம் மூடியிருக்கும். அதை நடத்தும் போ (BOH) தேயிலை நிறுவனம் 1929-ல் தொடங்கியது; சரிவுகளில் தேயிலை கொய்து அந்தத் தோட்டங்களை உண்டாக்கிய கைகளில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து போனவர்களுடையது. அதை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவைப் பாருங்கள்.

பாசிக்காடு இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. மேகம் அங்கேயே தங்குவதால் மரம், வேர், கல் எல்லாம் பாசி போர்த்தியிருக்கும், குடுவைத் தாவரமும் தெரியும். ஒடுங்கிய செங்குத்துச் சாலை. உள்ளூர் ஜீப்பில் காலை எட்டுக்குள் ஏறுங்கள், பத்துக்கு மேல் மேகம் மூடிக் காட்சி போய்விடும். மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். காலடியில் இருப்பது கெட்டி மண் இல்லை, மட்கிய இலையும் வேரும் பின்னிய பஞ்சு. ஒரு மிதியில் அழுந்தியது மீள நெடுங்காலம் ஆகும். ராஃப்லீசியா என்ற மாபெரும் காட்டுப்பூ பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்பார்கள். மலர்ந்த பூ ஐந்தாறு நாள்தான் நிற்கும். "இன்று மலர்ந்திருக்கிறதா, எத்தனையாவது நாள்" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களுக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

தாமான் நெகாரா 4,343 சதுர கி.மீ., பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களில் விரிந்த பழமையான மழைக்காடு. நுழைவூர் கோலா தாகான், அதற்கு வழி ஜெராண்டுட். ஜெராண்டுட் பேருந்து எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறது என்று சீட்டிலேயே பாருங்கள். எல்லாம் டிபிஎஸ்ஸிலிருந்து போவதில்லை. தேவையான ரொக்கத்தை ஜெராண்டுட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து நீள்படகில் ஆற்றுவழியாகவும் போகலாம், சுமார் 60 கி.மீ., இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். நீர் குறைந்தால் படகு ஓடாமல் போகலாம், எனவே சாலையில் போய்ப் படகில் திரும்புவது நல்லது. எதிர்பாராமல் படகு நின்றாலும் கைவசம் சாலை இருக்கும்.

விடுதிகளும் மிதக்கும் உணவகங்களும் ஆற்றின் ஒரு கரை, காடு மறுகரை. கடக்கச் சிறுபடகு. காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு, படம் எடுக்கத் தனிச் சீட்டு. மர உச்சித் தொங்குபாலத்துக்குக் காலை திறந்தவுடன் போங்கள்: ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு அனுப்புவதால் வரிசை மெல்ல நகரும், மழை வந்தால் மூடிவிடுவார்கள். யானை, புலி பார்க்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். அடர்காட்டில் பெரிய விலங்கு பத்தடியில் நின்றாலும் தெரியாது. இரவு நடையில் வழிகாட்டியோடு போனால் குச்சிப்பூச்சி, ஒளிரும் காளான், தேள், உறங்கும் பறவை, சில நாள் உப்புச்சேற்றுக்கு வரும் மான் என்று நிறைய இருக்கிறது.

இரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்தே பலர் இந்தக் காட்டை ஒதுக்குகிறார்கள், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறோம். உடல் சூட்டையும் மூச்சுக்காற்றையும் காலடி அதிர்வையும் உணர்ந்து இலைச்சருகிலிருந்து ஏறும். மழைக்கு மறுநாள் மிகுதி. நெருங்க நெய்த துணியாலான அட்டைக் காலுறையை முழுக்கால் சட்டைக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். சாதாரணப் பின்னல் காலுறையில் நூலிடை வழியே நுழைந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று காலைப் பாருங்கள், நிற்பது சருகின்மேல் இல்லாமல் பலகைமேல் இருக்கட்டும். கடித்துவிட்டால் மெலிந்த முனைதான் வாய்: தோலை ஒட்டி நகத்தை அங்கே சறுக்கி விடுவித்து, பிறகு தடித்த முனையை எடுத்து வீசுங்கள். உப்பு, நெருப்பு வேண்டாம். அவை பட்டால் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும், சீழ் பிடிக்க வழியாகும். இரத்தம் உறையாமலிருக்க அது செலுத்திய பொருளால் ஒன்றிரண்டு மணிநேரம் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்து, ஒட்டுத்துணி போடுங்கள். வலி இல்லை, அரிப்பு சில நாள் இருக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் காட்டுக்குப் போக வேண்டாம்.

அரை நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓர் உப்புக்கரைசல் பொட்டலம். அந்த ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழியும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரும். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், உலர இரண்டு நாள் எடுக்கும். மெல்லிய விளையாட்டு உடை போதும்.

வாயும் வார்த்தையும்

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: காய்கறி என்று கேட்டு வாங்கிய கீரை வதக்கலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும். "பெலாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சீனப் பௌத்தர்களின் சைவ உணவகங்கள் பல ஊர்களில் உண்டு. தேநீரில் கட்டிப்பால் இனிப்பு மிகுதி. "கூராங் மானிஸ்" என்றால் இனிப்பு குறைத்துத் தருவார்கள், "தே ஓ" என்றால் பால் இல்லாமல். பொட்டலம் கட்ட "பூங்குஸ்".

பலகைகளில் கண்ணில் படுபவை: கெலுவார் வெளியே, மாசோக் உள்ளே, தண்டாஸ் கழிப்பறை, ஆவாஸ் கவனம், பஹாயா ஆபத்து. சுங்கை என்றால் ஆறு, புக்கிட் குன்று, ஆயர் தெர்ஜூன் அருவி. அருவியருகே பஹாயா என்று சிவப்பில் எழுதியிருந்தால், தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். மேலே மலையில் பெய்த பிற்பகல் மழை, கீழே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ பொருட்களை எடுக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.